கச்சானுக்கு வைத்த கார்

கார் கல்லடிப் பாலத்தின் நடுவில் நின்றது.

நிற்பதற்கு முன் மூன்று நான்கு தரம் குலுங்கியது. எஞ்சின் மூடிக்குள் ‘டப்’ என்று எதுவோ வெடித்தது. அதன்பிறகு எஞ்சின் சத்தம் இல்லை. கூரையில் மழை அடிக்கும் சத்தமும், பின் இருக்கையில் என் மனைவி எமிலி மூச்சை இழுக்கும் சத்தமும்தான் கேட்டன.

காலை பத்து மணி இருக்கும். வானம் பொழுதுபட்டது போலக் கிடந்தது. மட்டக்களப்பு வாவிப் பக்கமிருந்து வந்த காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. அருகே இருந்த பழைய இரும்புப் பாலம் மழைக்குள் அரைவாசிதான் தெரிந்தது.

எமிலிக்கு முட்டு வருத்தம். அன்று விடிந்ததிலிருந்து நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. மருந்து அடிக்கும் பம்பு இரண்டு தரம் உதவியது, மூன்றாம் தரம் உதவவில்லை. முன் இருக்கையின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்செடுத்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் ஒரு சுமையைத் தூக்குவது போல இருந்தது.

நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி திருப்பினேன்.

நான் பயந்தது அவள் மூச்சுக்கு மட்டுமல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்த வாரம் எழுதுகிறேன். இதுவரை வந்த அத்தியாயங்களில் நான் பெரும்பாலும் நல்லவனாகவே வந்திருக்கிறேன். வாசகர்கள் சிலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் இந்த அத்தியாயத்தையும் வாசிக்க வேண்டும். நியாஸ் என்ற ஒரு மெக்கானிக்கின் நல்ல பெயரை நான் கெடுத்த கதை இது.

இரண்டு வைப்பு

நியாஸ் காத்தான்குடியில் கராஜ் வைத்திருந்தவர். என்னைவிட முப்பது வயது இளையவர். பழைய கார் வைத்திருக்கும் எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஆட்களுக்கு அவரை விட்டால் கதி இல்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லி அவரிடம் போனவர்கள்தான்.

இப்போது வருகின்ற கார்களில் காற்றின் கனத்தைத் தானே அறிந்து பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் கருவி இருக்கிறது. எங்கள் கார்களில் அது கிடையாது. காபரேற்றருக்குள் ஜெட் என்று ஒரு சிறு பித்தளைத் துண்டு. அதில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை. பெற்றோல் அதன் வழியே வந்து காற்றோடு கலக்கும். வெளியே காற்று மெலிந்தாலும் தடித்தாலும் துளை மாறாது. மனிதர் யாராவது பார்த்துத்தான் மாற்றி வைக்க வேண்டும்.

நியாஸ் வருஷத்துக்கு இரண்டு தரம் அதைச் செய்வார். வெயில் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத் தொடங்க முன் ஒன்று, மாரி மழை தொடங்க முன் ஒன்று. கச்சான் வைப்பு, மாரி வைப்பு என்று அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சரித்துக் கேட்பார். பிறகு திருகாணியைக் கால்வாசி திருப்புவார்.

“சேர், கச்சானுக்கு வச்ச கார் மாரிக்க இழுக்காது. ஐப்பசியில மறக்காமக் கொண்டாங்க.”

“ஏன் நியாஸ், காருக்கும் மழையில நனைஞ்சு தடிமன் பிடிக்குமோ?”

“காருக்குப் பிடிக்காது சேர். கொண்டு வராட்டி உங்களுக்குப் பிடிக்கும். மழைக்க இறங்கித் தள்ளோணுமே!”

நான் சிரித்தேன். அவருக்குப் பின்னால், வாடிக்கையாளரை இரண்டு தரம் வரவைக்கும் தந்திரம் இது என்று நண்பர்களிடம் சொன்னேன்.

முப்பத்து நான்கு வருஷம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான்; எமிலியும் ரீச்சராக இருந்தவள். சூடான காற்று விரியும், விரிந்தால் மெலியும் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! மழைக்காலம் வந்தால் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். “ஈரக் காற்றுக் கனமா, காய்ந்த காற்றுக் கனமா?” முழு வகுப்பும் ஈரக் காற்று என்று கத்தும். பிழை. ஒரே சூட்டில் ஈரக் காற்றுத்தான் இலேசானது. நீராவி காற்றைவிட இலேசு. பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நான் சமன்பாடாகச் சொன்னதை நியாஸ் திருகாணியால் செய்துகொண்டிருந்தார். அதை நான் தந்திரம் என்றேன்.

மலையில் கற்றது

காற்றின் கனம் காரை என்ன செய்யும் என்பதை நான் புத்தகத்தில் முதலில் அறியவில்லை. இளம் ஆசிரியராக இருந்தபோது, சக ஆசிரியர் ஒருவரின் காரில் நாலு பேர் மலைநாட்டுப் பண்டாரவளைக்குப் போனோம். மட்டக்களப்பில் துள்ளிக்கொண்டு புறப்பட்ட கார், ஏற ஏறச் சோர்ந்தது. பின்னால் கறுப்புப் புகை. உள்ளே பெற்றோல் மணம்.

ஒரு வளைவில் முகில் இறங்கி மூடியது. கார் நின்று, மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிறேக் பிடித்தும் ஈரத் தெருவில் வழுக்கியது. நான் கதவைத் திறந்து குதித்து, கையில் அகப்பட்ட கல்லை ரயருக்குப் பின்னால் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எனக்குப் பின்னால் இரண்டு அடியில் தெரு முடிந்திருந்தது. அதற்கு அப்பால் வெள்ளையாக ஒன்றும் இல்லை. தேயிலைக் கொழுந்தின் மணம் மட்டும் கீழேயிருந்து வந்தது.

உயரத்தில் காற்று மெல்லியது. கடல் மட்டத்துக்கு அளந்த பெற்றோல் அங்கே கூடிப்போகும். எஞ்சின் பெற்றோலில் மூழ்கி மூச்சுத் திணறும். இதை அந்தப் பாதையில் வந்த ஒரு பஸ் சாரதி எங்களுக்குச் சொல்லி, திருகாணியையும் திருப்பிவிட்டார்.

இந்தக் கதையை முப்பது வருஷம் வகுப்பில் சொன்னேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

கம்பி

பெற்றோல் இல்லாமல் போன காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கச்சான் அனலாக வீசிய மாதங்கள் அவை. மதில் ஓரமெல்லாம் வாகனங்கள் வரிசையாக நின்றன. மனிதர்கள் வாகனத்துக்குள்ளேயே சாப்பிட்டார்கள். பிறகு கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள்.

அந்த அளவில் எங்கள் காரை எப்படி அதிக தூரம் ஓட்டலாம் என்பதே எனக்கு இரவு பகல் யோசனை. பாரம் குறைய வேண்டும் என்று மாற்றுச் சில்லை இறக்கினேன். காரை உயர்த்தும் ஜக்கை இறக்கினேன். ஸ்பானர்கள் வைத்த ஆயுதப் பையையும் இறக்கி வீட்டுக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு ஜெட்டைப் பற்றி யோசித்தேன்.

கச்சான் காற்று மெல்லியது. மெல்லிய காற்றுக்குப் பெற்றோல் குறையப் போதும். துளையைச் சுருக்கினால் மிச்சம் பிடிக்கலாம். வயரின் தோலை உரித்து, மயிர் போன்ற ஒரு செப்புக் கம்பியை எடுத்தேன். காபரேற்றரின் அடியில் உள்ள அடைப்பாணியைக் கழற்றி, கம்பியை ஜெட்டின் துளைக்குள் விட்டு, முனையை மடித்தேன். நாலைந்து கம்பி மாற்றிப் பார்த்து, கார் இதற்கு மேல் மெலிந்தால் ஓடாது என்ற எல்லையில் நிறுத்தினேன். அந்த எல்லையைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை.

எமிலி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில்தான் இதைச் செய்தேன். காரணம் உண்டு. நான் திருத்திய தண்ணீர் மோட்டர் எரிந்தது. நான் திருத்திய குளிர்ப்பெட்டி குளிராமல் போய் மீனெல்லாம் பழுதானது. அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

“கார்ல மட்டும் கை வைக்கப்படாது. வச்சீங்களெண்டா அதுக்குப் பொறகு உங்கட கார்ல நான் ஏறமாட்டன். சத்தியம் பண்ணுங்க.”

வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தேன்.

கார் நன்றாக ஓடியது. கச்சான் முடியும் வரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசி வந்தது. நியாஸ் போன் எடுத்துக் கேட்டார்.

“சேர், மாரி வைப்புக்கு வரல்லியா?”

“வாறன் நியாஸ், கொஞ்சம் வேலை.”

போகவில்லை. போனால் அடைப்பாணியைத் திறப்பார், கம்பியைக் காண்பார். முன்கூட்டியே எடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பெற்றோல் இன்னும் அளந்துதான் தந்தார்கள். எனக்கு அந்த மிச்சத்தை விட மனமில்லை.

மாடுகள் செத்த கிழமை

அந்த மார்கழியில் வந்த குளிரை மட்டக்களப்பில் நான் அதற்கு முன் அறிந்ததில்லை. கடலில் சுழல்காற்று என்றார்கள். வாடைக் காற்று மூன்று நாள் விடாமல் வீசியது. என் வீட்டுச் சுவரில் தொங்கும் வெப்பமானி பகலில் இருபதுக்குக் கீழே நின்றது. வயல் வட்டைகளில் மேயப்போன மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன. பால்காரர் வந்து, “சேர், கண்ணைத் திறந்துகொண்டு செத்துக் கிடக்கு சேர்” என்று சொல்லிவிட்டு வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குளிர்ந்த காற்றுத் தடித்தது. சரியாக வைத்த கார் அந்தக் காற்றில் பறக்கும். ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குக் கூடுதல் காற்றுக் கிடைக்கும், கூடுதல் பலம் வரும். ஆனால் அதற்கு ஏற்ற பெற்றோலும் வேண்டும். என் காரில் துளை சுருங்கிக் கிடந்தது. கச்சானில் எல்லையில் நின்ற கார், இந்தக் குளிரில் எல்லையைத் தாண்டிவிட்டது.

முதல் நாளே அறிகுறி இருந்தது. கடைக்குப் போய்வரும்போது கார் குலுங்கியது. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. மழை விடட்டும், கம்பியை எடுப்போம் என்று நினைத்தேன்.

மழை விடவில்லை. மறுநாள் காலை எமிலிக்கு மூச்சு முட்டியது. அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தோம். பாதையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, சுணங்கும் என்றார்கள். ஓட்டோ ஒன்றும் அகப்படவில்லை. மின்சாரமும் இல்லை. நான் காரை எடுத்தேன்.

சிக்னல்

பாலத்துக்குத் திரும்பி வருகிறேன்.

சாவியைத் திருப்பித் திருப்பி பற்றரியும் இறங்கத் தொடங்கியது. கம்பியை எடுத்தால் கார் ஓடும் என்று எனக்குத் தெரியும். எடுக்க ஒரு ஸ்பானர் போதும். ஆயுதப் பை வீட்டில் இருந்தது.

எமிலி என் தோளைத் தொட்டாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“நியாஸுக்கு... எடுங்க.”

நான் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“சிக்னல் இல்ல எமிலி.”

சிக்னல் இருந்தது. நான்கு கோடுகளும் இருந்தன.

நியாஸ் வந்தால் கம்பியைக் காண்பார். எமிலியின் முன்னால் அதை வெளியே எடுப்பார். சத்தியம் பண்ணி மீறியவன் என்று அவள் அறிவாள். என் கைவேலையால்தான் அவள் இப்படி இருக்கிறாள் என்று அறிவாள். அந்த நேரத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பயமாக இருந்தது. இதை எழுதும்போது என் பேனா நிற்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குடை உடனே திரும்பிக்கொண்டது. வேறு வாகனம் வந்தால் அவளை ஏற்றிவிடலாம், கம்பி மறைந்தே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு லொறி நிற்காமல் போனது. ஒரு வான் என்மேல் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. பிறகு ஒன்றும் வரவில்லை. வாவித் தண்ணீர் சேற்று நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது.

ஏழு நிமிஷமோ எட்டு நிமிஷமோ அப்படி நின்றேன்.

கண்ணாடியைத் துடைத்து உள்ளே பார்த்தபோது எமிலியின் உதடுகள் நாவற்பழம் தின்றவளின் உதடுகள் போல இருந்தன. கண்கள் என்னைப் பார்த்தன. மாடுகளைப் பற்றிப் பால்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் நியாஸுக்கு எடுத்தேன்.

“சேர், எங்க நிக்கிறீங்க? பாலத்திலயா? ரீச்சர நிமித்தி இருத்துங்க, படுக்க விடாதீங்க. இந்தா வாறன்.”

பத்து நிமிஷத்துக்குள் வந்தார். மோட்டார் சைக்கிளில், தலையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காற்றில் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தார். அவர் கொண்டுவந்த பொலித்தீன் விரிப்பை நான் அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

காபரேற்றரைக் கையால் தடவினார். அடைப்பாணியின் விளிம்பில் என் ஸ்பானர் வழுக்கிய தடம் இருந்தது. அதில் அவர் பெருவிரல் நின்றது. ஆணியைக் கழற்றினார். ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். கம்பியை நகத்தால் இழுத்தார்.

என்னைப் பார்த்தார். ஒரு வினாடி இருக்கும். பிறகு கம்பியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டார்.

நாலு தரம் திருப்பியதில் கார் பிடித்துக்கொண்டது. எமிலி ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள்.

“தம்பி... என்ன... பிழை?”

நியாஸ் வாய் திறக்க முன் நான் சொன்னேன்.

“இவர் போன முறை வச்ச வைப்புப் பிழை எமிலி. அதுதான் நிண்டது.”

மழை மூன்று பேருக்கும் நடுவில் பெய்தது. நியாஸின் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் அது எப்படி மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

“ரீச்சர், கதைக்காதீங்க,” என்றார். “பொறகு பாப்பம். சேர், நீங்க அங்கால ஏறுங்க, நான் ஓட்டுறன்.”

அவர்தான் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். தன் மோட்டார் சைக்கிளைப் பாலத்திலேயே விட்டுவிட்டு வந்தார். அது காற்றில் விழுந்து ஒரு கைபிடி வளைந்ததைப் பிறகு யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

கட்டிலடி

எமிலி பிழைத்தாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். அவளுக்கு மூச்சுத் திரும்பிவந்ததும் அந்த மூச்சில் சொன்ன முதற்கதை அதுதான்.

“நியாஸ் வச்ச வைப்புப் பிழைச்சு, பாலத்தில நான் சாகப் பார்த்தனான்.”

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்களில் ஒருவர், “அவங்கட வேலை அப்பிடித்தான், நாங்க எங்கட ஆக்களிட்டப் போயிருக்கோணும்” என்றார். அந்தச் சொல்லில் என்ன இருந்தது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். எவ்வளவு இரத்தம் ஓடிய பிறகும் தமிழர், முஸ்லிம் என்ற இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட சொல் தயாராகவே இருக்கிறது. நான் அவரை மறுக்கவில்லை. அவருக்கும் இரண்டு சுளை கொடுத்தேன்.

பழைய கார்க்காரர்கள் மெல்ல மெல்ல நியாஸிடம் போவதை நிறுத்தினார்கள். சிலர் காரையே விற்றார்கள். அடுத்த கச்சானுக்கு முன் அவர் கராஜை மூடிவிட்டார்.

அந்தக் காலத்தில் நான் தப்பித்துக்கொள்ள ஒரு சாட்டுத் தேடினேன். ஈரமும் குளிரும் சேர்ந்தால் காபரேற்றரின் தொண்டையில் பனி கட்டி எஞ்சின் நின்றுபோகலாம் என்று ஒரு நூலில் கண்டேன். ஒரு நாள் முழுக்க அது ஆறுதலாக இருந்தது. ஆனால் கம்பியை எடுத்ததும் கார் ஓடியதே! காத்திருந்த நேரத்தில் பனி உருகியிருக்கலாம் என்று வாதாடலாம். வாதாட எனக்கு வெட்கமாக இருந்தது.

நியாஸின் கேள்வி

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக் கோயிலில் ஆராதனை முடிந்து வாசலில் நின்றோம். ஓய்வுபெற்ற தபாலதிபர் தவராசா பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். யாரிடம் காட்டலாம் என்று கேட்டார். எமிலி எனக்கு முன் பதில் சொன்னாள்.

“நியாஸ் திரும்பத் தொடங்கப்போறாராம். அவரிட்ட மட்டும் குடுத்திராதீங்க.”

வருஷங்கள் போயும் அந்தப் பொய் தன் காலில் நடந்துகொண்டிருந்தது. அன்று பின்னேரம் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன்.

நியாஸ் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் ஒன்றில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷினைப் பிரித்து வைத்திருந்தார். தாடியில் நரை விழுந்திருந்தது. எழும்பிக் கதிரை போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியை, பொய்யை, போனை. அவர் பிஸ்டனைத் துணியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் நியாஸ், அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“ரீச்சர்ட மூச்சு கிடந்த கிடைக்கு நாம ரெண்டு பேரும் சண்ட பிடிக்கிறதா? அதான் விட்டன். பொறகு நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.” துணியை மடித்தார். “முதல் ஒரு மாசம் பாத்தன்.”

“ரீச்சருக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அப்ப எனக்கு ஏன் சேர் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே.”

கோபமில்லாமல்தான் சொன்னார். தேத்தண்ணீர் வந்தது. அதைக் குடிக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தவராசா வீட்டு வாசல்

மறுநாள் காலை எமிலியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்பியைச் சொன்னபோது கை நிற்கவில்லை. போனைச் சொன்னபோது நின்றது.

“எவ்வளவு நேரம்?”

“ஏழு நிமிஷம். எட்டும் இருக்கும்.”

அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை நான் பயத்தோடு பார்த்தேன். முட்டு வந்துவிடுமோ என்று பம்பைத் தேடி எழுந்தேன்.

“இரிங்க,” என்றாள். “எனக்கு ஒண்டுமில்ல.”

நான் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றேன். எல்லோரும் அறியட்டும் என்றேன்.

“எழுதுங்க. ஆனா நான் சொன்ன ஆக்களில அரைவாசிப்பேர் உங்கட பேப்பர் வாசிக்கிறல்ல. ஒவ்வொரு வீடா வாங்க. நானும் வாறன்.”

ஒரு தாளில் பெயர்களை எழுதினாள். பத்தொன்பது வீடுகள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது.

முதல் வீடு தவராசாவுடையது. முன் விறாந்தையில் எங்களை இருத்தினார். நான் சொன்னேன். கச்சான் காற்று, ஜெட், செப்புக் கம்பி, குளிர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். நியாஸில் ஒரு பிழையும் இல்லை, பிழை என் கையில்தான், பாலத்தில் சொன்னதும் பொய் என்றேன். வகுப்பெடுப்பது போல இருந்திருக்க வேண்டும்.

தவராசா சிரித்தார்.

“மாஸ்டர், எனக்கு விளங்குது. அந்தத் தம்பி திரும்பத் தொடங்கப்போறான், பாவம் எண்டு பாக்கிறீங்க. நல்ல மனசு உங்கட. அதுக்காக இப்பிடியொரு பழியத் தலையில போடலாமா?”

நான் மறுத்தேன். அவர் என் முழங்காலைத் தட்டினார். நான் மறுக்க மறுக்க அவர் கண்ணில் நான் இன்னும் நல்லவனாகிக்கொண்டிருந்தேன். ஒரு மெக்கானிக்கைக் குற்றவாளியாக்க எனக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது. அதைத் திருப்பி எடுக்க அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை.

எமிலி கதிரையை விட்டு எழுந்தாள்.

“தவராசா ஐயா, இவருக்கு நல்ல மனசெல்லாம் இல்ல. அண்டைக்கு நான் பின் சீட்டில செத்துக்கொண்டிருக்கக்குள்ள நியாஸுக்கு எடுங்க எண்டு கெஞ்சினனான். சிக்னல் இரிக்கத்தக்கதா, சிக்னல் இல்லெண்டு சொன்னவர். தன்ட கம்பிய மறைக்கிறதுக்கு எட்டு நிமிஷம் என்னப் பாத்துக்கொண்டு மழைக்க நிண்டவர். இவர் உங்களுக்கு அதச் சொல்லல்ல, பாத்தீங்களா?”

தவராசாவின் கை என் முழங்காலிலிருந்து எடுபட்டது.

அவள் சொன்னது சரி. கம்பியைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன். போனைச் சொல்லவில்லை. வரும் வழியில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வாசலில் அது வாயில் வரவில்லை.

தவராசா என்னைப் பார்த்தார். பழக்கமில்லாத ஒருவரைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு எமிலியைப் பார்த்து, மெல்லிய குரலில் கேட்டார்.

“நியாஸ்ட நம்பர் இரிக்கா ரீச்சர்?”

அவள் கொடுத்தாள். நாங்கள் தெருவில் இறங்கினோம். எமிலி தாளை விரித்து, பேனையை எடுத்து முதல் பெயரை வெட்டினாள். எனக்கு முன்னால் நடந்தாள்.

இன்னும் பதினெட்டு வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த எட்டு நிமிஷத்தை நானே சொல்ல வேண்டும்.